எட்டாம் நாள் பால்

அவர் தன் தலைக்குக் குடை பிடித்து நான் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் கம்பம் போகும் வண்டிப் பாதையோரம் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். அவர் ஓரடி பின்னால், கையை எட்ட நீட்டி, குழந்தையின் இடது புஜத்தின்மேல் நிழல் விழும்படி குடையைப் பிடித்துக்கொண்டு வருவார். குழந்தையின் முகத்தில் வெயில் அடிக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. புஜம் காய்ந்துவிடக் கூடாது.

அவர் அம்மை குத்துகிறவர். எங்கள் தாலுகா போர்டில் சம்பளம் வாங்கியவர். இப்போது கன்றுக்குட்டியிடமிருந்து எடுத்த பாலைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து அனுப்புகிறார்கள். அப்போது பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குத்தான். குத்திய இடம் எட்டாம் நாள் முத்துப்போல் திரண்டு நிற்கும். அதைக் கீறினால் தெளிந்த நீர் கசியும். அதுதான் அம்மைப் பால். அன்றைக்கே அதை அடுத்த பிள்ளையின் கையில் வைத்துக் குத்திவிட வேண்டும். ஒரு தடவை கை கிடைக்காமல் போனால் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் வற்றிப்போகும். பிறகு சென்னைப் பட்டணத்துக்கு எழுத வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பால் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் வந்து சேர்வதற்குள் வெயிலில் செத்திருக்கும். ஆகவே ஓர் ஊரில் குத்திய பிள்ளையைத் தாயோடு அழைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார். பெரும்பாலும் அந்தத் தாய் உத்தமபாளையம் பக்கத்து கிறிஸ்தவ வேதக்கார ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவளாக இருப்பாள். அவர்களுக்கு ஊசியிடம் பயம் குறைவு.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய ஓரிடத்தில் எழுதாமல் விட்டவன் நான். இப்போது எழுதினால் அது வெறும் அலங்காரம்.

ஊர்களில் அவரைக் கண்டதும், "ஏலே, அம்மகுத்தி வாராரு" என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடுவார்கள். ஒருமுறை சின்னமனூருக்கு அப்பால் ஓர் ஊரே அப்படி ஓடிவிட்டது. அவரோடு வந்த பிள்ளைக்கு அன்று எட்டாம் நாள். ஊரில் அகப்பட்டவர் காட்டுக் காவல்காரர் ஒருவர்தான். கொம்பு போல முறுக்கிய மீசை.

"ஏப்பா காவக்காரரே, உமக்கு எப்பவாச்சும் ஆத்தா வந்து விளையாண்டிருக்காளா?"

"எங்கிட்ட எதுக்கு வர்றா? நா என்ன பச்சப்பிள்ளையா?"

"அப்ப இன்னைக்கு ஒரு நா பச்சப்பிள்ளையா இருங்க."

எதைச் சொல்லி மசியவைத்தாரோ, அந்த மனிதர் கையை நீட்டிவிட்டார். அதன்பின் அவர் புஜத்தில் வேட்டித்துணி உரசாதபடி கையை விரித்துக்கொண்டே காட்டைச் சுற்றி வந்தாராம். அடுத்த வாரம் அதே ஊரில், மனம் மாறி வந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "இது யாரு கைப் பாலு? எந்த வீட்டுப் பிள்ளை?"

"நல்ல பிள்ளை ஆத்தா. கொஞ்சம் மீசை வச்ச பிள்ளை."

கூட்டம் சிரித்தது. சிரித்த கையோடு பிள்ளைகளின் கைகளையும் நீட்டினார்கள். யார் கைப் பால் என்ற கேள்வி அந்தக் காலத்தில் சிரிப்புக்குரிய கேள்வி அல்ல. சாதி கேட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். அவர் ஒருபோதும் நேரான பதில் சொன்னதில்லை. "பாலப் பாருங்க, நெறம் ஒண்ணுதான்" என்று முடித்துவிடுவார்.

வேலையில் பால் அறுபடாமல் பார்த்துக்கொண்டது போலவே தன் சர்வீஸும் அறுபடாமல் பார்த்துக்கொண்டார். முதலில் அவர் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்தவர். அங்கிருந்து அம்மை குத்தும் வேலைக்கு மாறியபோது ஒரு நாள்கூட இடைவெளி விழாமல், சம்பளத்தில் ஓரணாவும் குறையாமல் மாறி வந்ததை நான் குமாஸ்தாவாக இருந்த தாலுகா போர்டு கச்சேரியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மாலையில் அங்கே விடுவித்த உத்தரவை வாங்கிக்கொண்டு, நடையாகவே வந்து, மறுநாள் கச்சேரி திறக்கும்போது இங்கே வாசலில் நின்றாராம். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "தம்பி, எந்த வேலைக்கு வேணாலும் மாறிக்கங்க. நடுவுல அறுபட விட்டுறாதீக. அறுந்தா முன்ன பாத்ததெல்லாம் தண்ணில கரைச்ச புளி" என்பார். மனைவி இறந்த அன்று, எடுப்பதற்கு முன்னால் லீவு மனு எழுதிக் கொடுத்தனுப்பியவர். அதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம். "அண்ணே தும்மினாக்கூட நடுவுல விடாம தும்முவாக" என்பான் எங்களில் ஒருவன்.

ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். வீரபாண்டிப் பக்கம் அவர் வீட்டில் ஒரு தங்கை இருந்தாள். சிறு வயதில் அம்மை வந்து இரண்டு கண்ணும் போனவள். ஒருமுறை அங்கே மோர் வாங்கிக் குடித்தேன். "எங்கண்ணன் வீட்டுக்குள்ள வரும்போதுகூட குடைய விரிச்சுக்கிட்டு வருவாக, கதவுல இடிக்கும். அதுலதான் அவுகன்னு கண்டுக்கிருவேன்" என்று சிரித்தாள். கால் ஓய்ந்தபின் இரண்டு பேருக்கும் கஞ்சி வார்க்கப்போவது பென்ஷன் ஒன்றுதான். அதற்காகவே சர்வேயில் தொடங்கிய வருஷங்களை ஒன்றோடொன்று முடிந்து வைத்துக்கொண்டு வந்தார்.

வீரபாண்டி என்றதும் காப்பைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் அவர் குத்திவிட்டுப் போன ஊரில் மறுவாரமே அம்மை இறங்கியது. கத்தியைக் காட்டி ஆத்தாளை அழைத்து வந்தவன் என்று ஊருக்குள் விடவில்லை. அந்தச் சித்திரையில் அவர் கௌமாரியம்மன் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு தீச்சட்டி எடுத்தார். சட்டியோடு நின்றவரை ஒரு பெண் மடக்கினாள்.

"ஏன்யா, ஆத்தாளுக்கு எதிரா ஊசியும் போடுவீரு, அவளுக்கே சட்டியும் எடுப்பீரோ?"

"எதிரா எங்கன போட்டேன்? அவ ஆயிரம் முத்து போட வாரா. நா முன்னாடியே ஒத்த முத்த வாங்கி வச்சுட்டு, 'இந்தா இந்த வீட்டுல போட்டாச்சு தாயி, போயிட்டு வா'ங்குறேன். அம்புட்டுத்தான்."

அதிலிருந்து வருஷந்தோறும் காப்புக் கட்டினார். மேலே இருந்த டாக்டர் துரை இதைக் கேட்டுச் சிரித்தாராம். உண்மையில் நம்பித்தான் கட்டினாரா என்று எனக்குத் தெரியாது. சட்டிச் சூட்டில் அவர் உள்ளங்கை கொப்புளித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கயிறு கட்டிய அந்தக் கை கேட்டபோது பெண்கள் பிள்ளைகளைக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். காப்புக் கட்டினால், திருவிழா முடிந்து அவிழ்க்கிறவரை ஆத்தாளின் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

இனி என் பங்கைச் சொல்கிறேன்.

மலைமேல் பெரியாற்றில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆயிரக்கணக்கான கூலிகள். காய்ச்சல், பேதி, அம்மை. முகாம் ஆஸ்பத்திரியில் அம்மை குத்தவும் மருந்து கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று எழுதி வந்தது. சம்பளம் கூடுதல். போர்டு வேலையிலிருந்து முறைப்படி மாறினால் பழைய சர்வீஸும் கூடவே வரும். அவர் மனுப் போட்டார். எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். அவரை இங்கிருந்து விடுவிக்கும் உத்தரவு எங்கள் கச்சேரிக்கு வர வேண்டும். நான் அதைப் பதிந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து, விதியில் சொன்ன சில நாட்களுக்குள் அவர் மலைமேல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் சர்வீஸ் அறுந்தது.

அதே வேலையை என் மனைவியின் தம்பிக்கு வாங்கிக் கொடுக்க நான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டு, வேலை இல்லாமல் தேனியில் மாமனார் வீட்டில் உட்கார்ந்திருந்தான். வருகிறவர் வராவிட்டால் அடுத்த பெயர் அவனுடையது என்று முகாமிலிருந்து எனக்குத் தகவல் வந்திருந்தது.

திருவிழாவுக்கு முன்னால் இரண்டு தடவை அவர் கச்சேரிக்கு வந்தார்.

"உத்தரவு வந்திருச்சா தம்பி?"

"இன்னும் வரலையேண்ணே."

"காப்புக் கட்டுறதுக்கு முந்தி வந்தா இந்த வருஷம் ஆத்தாகிட்டச் சொல்லிட்டு மலை ஏறிருவேன். இல்லையா, காப்பு அவுத்த மறுநா வரட்டும். ரெண்டுக்கும் நடுவுல மட்டும் வந்துறக் கூடாது, பாத்துக்கங்க."

இரண்டாம் தடவை அவர் இதைச் சொன்னபோது உத்தரவு என் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. அவர் எப்படி அறுந்துபோவார் என்பதை அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் காப்புக் கட்டிக்கொண்ட மறுநாள் காலையில் அதை வெளியே எடுத்து, அன்றைய தேதி போட்டு, கச்சேரிச் சேவகனான டலாயத்து மூலம் அனுப்பினேன்.

மாடு நுரை தள்ள ஒரு வண்டியில் நண்பகலுக்குள் வந்து நின்றார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஈரம்கூடக் காயவில்லை.

"இதத் தள்ளிப்போட வழி இருக்கா தம்பி? லீவு எழுதித் தரட்டுமா?"

"விடுவிச்ச ஆளுக்கு எங்கிட்டு லீவு? நீங்க இப்ப இங்கன உள்ள ஆளும் இல்ல, அங்கன உள்ள ஆளும் இல்ல."

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன்: "கயிறுதானண்ணே. அறுத்துப் போட்டுட்டு மலை ஏறுங்களேன்."

அவர் கயிற்றைப் பார்த்தார்.

"இந்தக் கயித்தப் பாத்துத்தான் தம்பி கை நீட்டுறாக. நா அறுத்துட்டுப் போனேன்னு தெரிஞ்சா, எனக்கு அடுத்து வர்றவனுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை கையும் கெடைக்காது. அவன் இன்னும் வந்து சேரவும் இல்ல. உப்புக்கோட்டையில ஒரு பிள்ளைக்கு முத்து எழும்பி நிக்குது. அத யாரு எடுப்பா?"

யாரும் எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் குடையை எடுத்துக்கொண்டு இருட்டுமுன் திரும்ப வேண்டுமென்று கிளம்பினார்.

திருவிழாவுக்காக என் மனைவி எங்கள் பெண் குழந்தையோடு தேனிக்குப் போயிருந்தாள். நானும் போனேன். அதற்கு முந்தின வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு வேப்பிலை செருகியிருந்தார்கள். அம்மை. குழந்தைக்கு இன்னும் குத்தியிருக்கவில்லை. என் மனைவிக்குத் தூக்கமில்லை. ஒருநாள் வெயில் உச்சியில் வாசலில் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே வேதக்காரப் பெண் ஒருத்தி, கையில் பிள்ளை. பின்னால் அவர்.

"வாங்கண்ணே, வாங்க" என்று என் மனைவி ஓடினாள். "எங்க பிள்ளைக்கும் போட்டுவிடுங்கண்ணே. சர்க்கார்ல ஆள் அனுப்ப எத்தன நாளாகுமோ."

"நா இப்ப சர்க்கார் ஆளு இல்ல ஆத்தா. சும்மா வந்த ஆளு" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். குத்தலாக அல்ல. தன்னையே கேலி செய்துகொள்வது போல. "வேலை இல்லாத நாள்லதான் நெறைய வேலை இருக்கு தம்பி. நேத்து மூணு ஊரு. பாலு வத்திருச்சுன்னா இந்த அம்மையில யாரு பதில் சொல்றது?"

என் மகளை நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். கை அசையாமல் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மஞ்சள் கயிறு கட்டிய மணிக்கட்டு என் முகத்துக்கு அருகே இருந்தது. அந்தச் சின்னக் கத்தி என் மகளின் புஜத்தில் இறங்கியபோது அவள் என் சட்டையைக் கடித்தாள். எட்டாம் நாள் அவரே திரும்பி வந்து, அவள் கையிலிருந்து பாலெடுத்து அதே தெருவில் நான்கு பிள்ளைகளுக்குக் குத்தினார். மச்சினன் உள்ளறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் மலை ஏறினார். நாள் கடந்திருந்தது. வேலை மச்சினனுக்குப் போய்விட்டது. அவர் திரும்பாமல் முகாமிலேயே தினக்கூலியாக நின்றுகொண்டார். ஆனால் மலைக் காய்ச்சல் மச்சினனைச் சும்மா விடவில்லை. ஒரு மாதம் தாங்கினான். எலும்பும் தோலுமாக வண்டியில் போட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு அந்த இடத்துக்கு அவரையே எடுத்துக்கொண்டார்கள், புது ஆளாக. சம்பளம் அடியிலிருந்து. பழைய வருஷங்கள் அவர் சொன்னபடியே தண்ணீரில் கரைத்த புளியாயின. நான் செய்த திருட்டு எனக்கும் உதவவில்லை, யாருக்கும் உதவவில்லை.

அணை முடிந்தது. முகாம் கலைந்தது. அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது மலைமேல் இருந்த டாக்டர் ஒருவர் அவர்மேல் இரக்கப்பட்டு, இடையில் விழுந்த நாட்களை மன்னிக்கச் சொல்லி மேலே எழுதத் தயாராக இருந்தார். அதற்கு எங்கள் கச்சேரியிலிருந்து ஓர் அத்தாட்சி வேண்டும். உத்தரவு எப்போது வந்தது, எப்போது கொடுக்கப்பட்டது, நடுவில் அவர் வேலையில் இருந்தாரா. நான் அப்போது தலைமைக் குமாஸ்தா. அவர் என் வீட்டுக்கே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குடை அதேதான், துணி மட்டும் மாற்றியிருந்தார்.

"ஒரு வரி போதும் தம்பி. அன்னைக்கு நா வேலையிலதான் இருந்தேன்னு."

எழுதினால், உத்தரவு முன்பே வந்ததும் வெளியே வரும். என் வேலை போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கலாம். அதைப் பார்த்துவிடும் தைரியம் எனக்கில்லை.

"ரொம்பப் பழைய சமாச்சாரமண்ணே. ஞாபகம் இல்லையே."

அவர் தலையாட்டினார். பிறகு, "பிள்ளை எங்கன? நல்லா இருக்கா?" என்று கேட்டார். மகள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "கையக் காட்டு ஆத்தா" என்று சொல்லி, புஜத்துத் தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லா எடுத்திருக்கு. ஆத்தா இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டா."

மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். நான் வாசல்வரை போகவில்லை.

இது நடந்து சில வருஷங்களுக்குப் பிறகு மச்சினன் வேறொரு பேச்சின் நடுவே சொன்னான்: "மலையில காய்ச்சல்ல கெடந்தப்ப அவுகதான் மச்சான் எனக்குக் கஞ்சி ஊத்துனாக. நாந்தான் ஒளறிட்டேன். மேஜை இழுப்பறைல உத்தரவ நீங்க வச்சிருந்தது, எல்லாத்தையும். அதுக்கு அவுக, 'பேசாமப் படுப்பா, காச்சல் ஏறும்'னாக."

அப்படியானால் என் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மறைத்ததைக் கேட்கவில்லை. நான் எழுதினால் போதும் என்று வந்தார்.

அதன்பின் கால் ஓடுகிறவரை தினக்கூலிக்கு அம்மை குத்தினார் என்று கேள்விப்பட்டேன். கால் ஓய்ந்தபின், கண் தெரியாத தங்கை வீடுவீடாக மாவு திரித்துக் கொடுத்து அவருக்குக் கஞ்சி வார்த்தாளாம். வீரபாண்டிக்கு ஒவ்வொரு சித்திரையிலும் போகிறேன். அந்தத் தெருவுக்குப் போனதில்லை. இருவரும் போய்ச் சேர்ந்த செய்தி மட்டும் வந்தது. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. என் சர்வீஸில் ஒரு நாள்கூட அறுபடவில்லை.

போன மாதம் மகள் வந்திருந்தாள். அவளுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். முற்றத்தில் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தவளின் புஜத்தில் தழும்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. எப்படி அது வந்தது என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். சொன்னேன். மேஜை இழுப்பறையை, காப்பை, குடையை, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை, ஞாபகம் இல்லை என்று நான் சொன்னதை. எதையும் விடவில்லை.

அவள் தழும்பைத் தடவினாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அன்னைக்கு அவுக வேலையிலதானப்பா இருந்தாக?"

"ஆமா" என்றேன்.

அவர் என்னிடம் கேட்டது இந்த ஒரு சொல்தான்.